தொகுஜு: கொரியப் போரும் ஜப்பானுக்கு வந்த டாலரும்

ஜப்பானிய மொழியில் 'தொகுபெட்சு' என்றால் சிறப்பான, 'ஜுயோ' என்றால் தேவை. இவ்விரண்டின் சுருக்கமே தொகுஜு. 1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்ட பிறகு அமெரிக்கப் படை ஜப்பானில் டாலர் கொடுத்து வாங்கிய பொருள்களையும் பணிகளையும் இச்சொல் குறித்தது. சாக்கு, போர்வை, முள்கம்பி, டிரக் ஆகியவை பொருள்கள். வாகனப் பழுதுபார்ப்பும் கட்டுமானமும் பணிகள்.

இதன் எடை புரிய 1949-ஐப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் அப்போது அமெரிக்கா தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அதன் பொருளாதார ஆலோசகராக வந்த டெட்ராய்ட் வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் வகுத்த திட்டத்தால் அரசுச் செலவு சுருங்கியது; டாலருக்கு 360 யென் என மாற்று விகிதம் நிலைநிறுத்தப்பட்டது. விலைவாசி அடங்கியது, ஆனால் சரக்கு விற்காமல் தேங்கியது; ஆட்குறைப்பு பரவியது. டொயோட்டாவில் வேலைநிறுத்தம் முற்றி, 1950 ஜூனில் தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அடுத்த சில வாரங்களில் அந்நிறுவனத்துக்கு அமெரிக்கப் படையின் டிரக் ஆர்டர் வந்தது.

வந்தது டாலர் என்பதே இதில் முக்கியம். பஞ்சும் இரும்புத்தாதும் இறக்குமதி செய்ய ஜப்பானிடம் அந்நியச் செலாவணி இல்லை. தொகுஜு வருவாய் 1951-இல் சுமார் 59 கோடி டாலர், 1952-இல் சுமார் 82 கோடி. இவை ஜப்பானில் தங்கியிருந்த படையினரின் சொந்தச் செலவையும் சேர்த்த பரந்த கணக்கு. ராணுவ ஒப்பந்தங்களை மட்டும் எண்ணும் குறுகிய கணக்கு இதைவிடக் குறைவு. இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் நூலுக்கு நூல் எண் மாறுகிறது.

நெசவாலைகளில் 'கச்சாமன்' என்ற பேச்சு எழுந்தது: தறி 'கச்சா' என்று ஒருமுறை ஒலித்தால் ஒரு 'மன்', அதாவது பத்தாயிரம் யென் வரவு. ஆனால் போர்க்கால உச்ச விலையில் ரப்பர், தோல், சோயா வாங்கிக் குவித்த வணிக நிறுவனங்கள், 1951-இல் விலை சரிந்தபோது பெரும் நட்டப்பட்டன.

அரசியலையும் இதே போர்தான் திருப்பியது. 1950 ஜூலை 8 அன்று ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவரான அமெரிக்கத் தளபதி மெக்கார்தர், ஜப்பான் பிரதமர் யோஷிதாவுக்குக் கடிதம் எழுதி, 75,000 பேர் கொண்ட தேசிய காவல் சேமப்படையை அமைக்கச் சொன்னார். படை வைத்துக்கொள்வதில்லை என்ற அரசமைப்பின் 9-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சேமப்படையே 1954-இல் தற்காப்புப் படையானது. 1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையும் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தமும் ஒரே நாளில் கையெழுத்தாயின.

தமிழில் 'சிறப்புத் தேவை' என்று நேராகப் பெயர்க்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் தொடர்பான பொருளில் அத்தொடர் ஏற்கெனவே புழங்குகிறது. 'போர்க்கால ஏற்றம்' என்பதும் பொருந்தாது. ஏற்றம் விளைவு, தொகுஜு அதன் காரணம். 'போர்ச் சிறப்புக் கொள்முதல்' என்பதே சரி. இன்றைய ஜப்பானியர் ஒலிம்பிக் போன்ற நிகழ்வால் வரும் தற்காலிக விற்பனைப் பெருக்கத்தையும் தொகுஜு என்கிறார்கள். அங்கே 'திடீர்க் கிராக்கி' போதும்.