மியூக்கர்மைக்கோசிஸ்: அந்தக் கருப்பு எதன் நிறம்?

கொரோனா இரண்டாம் அலையில் பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலருக்குக் கண்ணும் தாடையும் பறிபோன 2021 மே மாதத்தில்தான் ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயர் நம்மூரில் வீடு வீடாகப் புகுந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தன. சொல்ல எளிதான பெயர்தான். ஆனால் நோயைப் பற்றித் தவறான செய்தி சொல்கிற பெயர்.

மருத்துவப் பெயர் மியூக்கர்மைக்கோசிஸ். ‘மியூக்கர்’ என்றால் லத்தீனில் பூசணம். ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கும் அதுவே பெயர். ‘மைக்கீஸ்’ கிரேக்கத்தில் காளான். ‘ஓசிஸ்’ நோய்நிலையைக் குறிக்கும் விகுதி. மூக்குச் சளியைக் குறிக்கும் ‘மியூக்கஸ்’ ஒலியில் நெருங்கி வருவதால் ‘சளிப்பூஞ்சை’ என்று மொழிபெயர்த்துவிடத் தோன்றும், அது பிழை. 1885-இல் பால்டாஃப் என்ற நோயியல் மருத்துவர் இந்நோயை ‘மைக்கோசிஸ் மியூக்கரினா’ என்று விவரித்தார். பழைய பாடநூல்களில் ‘சைகோமைக்கோசிஸ்’ என்றிருக்கும். சைகோமைக்கோட்டா என்ற தொகுதியே வகைப்பாட்டில் கலைக்கப்பட்டபின் அந்தப் பெயரும் வழக்கொழிந்து வருகிறது.

தமிழில் பூசணம், பூஞ்சணம், பூஞ்சை, பூஞ்சக்காளான் எல்லாம் வழக்கில் உண்டு. ஊறுகாயில் பூசணம் ‘பூக்கும்’ என்றுதான் சொல்கிறோம். பூஞ்சைக்கு வலுவின்மை என்ற பொருளும் இருக்கிறது: ‘அவனுக்குப் பூஞ்சை உடம்பு’. இந்த நோய் தேடி வருவதும் அப்படிப்பட்ட உடம்பைத்தான். ஆனால் அந்தப் பூஞ்சைத்தனம் வெளியே தெரியாது. வாட்டசாட்டமான ஆளுக்கும் சர்க்கரை கட்டுமீறி ரத்தம் அமிலமானால், புரதத்தோடு பிணைந்திருக்கும் இரும்பு விடுபடுகிறது; பூஞ்சைக்கு அது தீனி. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவதோடு, பூஞ்சையை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களையும் மந்தமாக்குகிறது. ரத்தப் புற்றுநோயாளிகளும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் இதே ஆபத்தில் இருப்பவர்கள். இதன் வித்துகள் மண்ணிலும் அழுகிய காய்கறியிலும் காற்றிலும் எப்போதும் உள்ளன. எல்லோரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது.

அப்படியானால் கருப்பு எங்கிருந்து வந்தது? பூஞ்சை இழை ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கிறது. அதற்கப்பால் உள்ள திசு ரத்தமின்றிச் செத்துக் கருகுகிறது. மேலண்ணத்திலும் மூக்கினுள்ளும் தெரியும் கருப்பு, செத்த சதையின் நிறம். ஆய்வகத் தட்டில் இந்தப் பூஞ்சை வெள்ளைப் பஞ்சாகக் கிளம்பிப் பின்னர் சாம்பல் அல்லது பழுப்பாக மாறும். இழையிலேயே கருநிறமி கொண்ட பூஞ்சைகள் தனியே இருக்கின்றன. அவை தரும் நோய் வேறு.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பெயரை நம்பிக் கருப்பு தெரியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி, மரப்பு, வீக்கம்; ஒரு மூக்கில் அடைப்பு, ரத்தம் கலந்த ஒழுக்கு; காரணமின்றி மேல்பல் ஆடுவது; இமை தொங்குவது, இரட்டைப் பார்வை. சர்க்கரையோ ஸ்டீராய்டோ உள்ளவருக்கு இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

உறுதிசெய்வது திசுத் துணுக்கில்தான். துணுக்கின் மீது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டால் மனித செல்கள் கரைந்து பூஞ்சை இழை மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியில் அகன்ற நாடா போல, மடிந்து, குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாமல், ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைக்கும். அஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சையின் இழையோ ஒல்லியாக, குறுக்குச் சுவர்களோடு, 45 பாகையில் கிளைக்கும். வளர்ப்புச் சோதனைக்குப் போகும் துணுக்கை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் பூஞ்சை செத்துவிடும்; உப்புநீரில் அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் அதை அரைக்கவும் கூடாது. குறுக்குச் சுவர் இல்லாத இழை ஓரிடத்தில் உடைந்தாலும் உள்ளிருப்பது ஒழுகி இறந்துபோகும். பிறகு ‘வளர்ச்சி இல்லை’ என்ற பொய்யான முடிவுதான் வரும். சிறுசிறு துண்டாக நறுக்குவதே சரி.

மருந்தில்தான் பெயரின் அருமை தெரியும். அஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் இதை ஒன்றும் செய்யாது. இதற்கு லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி என்ற மருந்தை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் முதல் 10 வரை, 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கரைசலில் கலந்து ஏற்றுவார்கள். உப்புநீரில் கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். சிறுநீரகத்தையும் பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளையும் விடாமல் பார்க்க வேண்டும். அடைபட்ட குழாய் வழியே செத்த திசுவுக்கு மருந்து போய்ச் சேராது என்பதால், ரத்தம் கசியும் நல்ல திசு தென்படும்வரை வெட்டி நீக்குவதும் சிகிச்சையின் பாதி.

எந்தப் பூஞ்சை என்பதைப் பொறுத்தே மருந்து மாறுவதால், தமிழ்ப் பெயரிலும் அந்த அடையாளம் இருந்தாக வேண்டும். அன்று செய்திகளில் அடுத்தடுத்து வந்த வெள்ளை, மஞ்சள் என்ற நிறப் பெயர்களுக்கு அந்த வேலை தெரியாது. ‘மியூக்கர் பூஞ்சை நோய்’ என்று எழுதுவதே பொருத்தம். வாசகருக்குப் பழகிய ‘கருப்புப் பூஞ்சை’யை முதல்முறை மட்டும் ‘எனப்படும்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு விட்டுவிடலாம்.