கீரையின் இரும்பு இரத்தத்தில் சேரும் வழி

தினமும் கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் அளவு 9-ஐத் தாண்டவில்லையே, ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் நிலை அதுவே. எந்த உணவில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்ற பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அந்த மில்லிகிராம்களில் குடற்சுவரைக் கடந்து உள்ளே போவது எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகின்றன என்பதும், அவற்றிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது என்பதும் பள்ளியில் படித்தவைதான். ஆகவே நாள்தோறும் நாம் இழக்கும் இரும்பு சுமார் 1 மில்லிகிராம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியிருந்தும், 1918இல் குன்னூரில் தொடங்கிப் பின்னர் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்று 2020இல் பரிந்துரைத்தது. அரிசியும் பருப்பும் கீரையுமாக உண்ணும் நம் உணவிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இரும்பே உறிஞ்சப்படுவதால்தான் இவ்வளவு பெரிய அளவு தேவைப்படுகிறது.

தாவர உணவிலுள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரான்களை இழந்த ஃபெரிக் வடிவில் இருக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் இது ஓரளவு கரைந்திருக்கும். அமிலம் தணிந்த சிறுகுடலுக்கு வந்ததும் துருவைப் போன்ற கரையாத பொருளாக மாறி வெளியேறிவிடும். சிறுகுடலின் முதற்பகுதியில் இரும்பை உள்ளே கொண்டுசெல்லும் புரதமோ, இரண்டு எலெக்ட்ரான்களை மட்டும் இழந்த ஃபெரஸ் இரும்பைத்தான் ஏற்கும். அதாவது, ஒவ்வோர் இரும்பு அயனிக்கும் ஓர் எலெக்ட்ரானை யாராவது கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுப்பதற்கென்றே குடற்செல்லின் மேற்பரப்பில் ஒரு நொதி அமர்ந்திருக்கிறது. செல்லின் உட்புறத்திலுள்ள வைட்டமின் சி மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானை வாங்கி, சவ்வின் குறுக்கே கடத்தி, வெளியே காத்திருக்கும் இரும்பிடம் அது சேர்ப்பிக்கிறது. உணவோடு உண்ட வைட்டமின் சி குடலின் உள்வெளியிலும் இதே வேலையைச் செய்கிறது. அதோடு, இரைப்பையிலேயே இரும்பைப் பற்றிக்கொண்டு, குடலில் அது கரையாப் பொருளாகிவிடாமல் கூடவே வந்து காக்கிறது. ஒரே மூலக்கூறு செல்லின் இருபுறமும் நின்று ஒரே காரியத்துக்குத் துணைபுரியும் இந்த ஏற்பாட்டை வியக்காமல் என்னால் எழுத முடியவில்லை.

கீரை மசியலில் பிழியும் அரை எலுமிச்சம்பழத்தின் மதிப்பு இங்கேதான் விளங்கும். வைட்டமின் சி சூட்டில் சிதையக்கூடியது. ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதே சரி. நெல்லிக்காய்ப் பச்சடியோ, சாப்பாட்டோடு இரண்டு துண்டு கொய்யாப்பழமோ அதைவிடவும் நன்று.

தடுப்பவையும் உண்டு. தானியங்களும் பருப்புகளும் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவை அதை ஓரளவு சிதைக்கின்றன. இட்லி மாவும் முளைகட்டிய கேழ்வரகும் இந்த வகையில் மேலானவை. தேநீரில் உள்ள டானின்கள் இன்னும் வலியவை. வாழைப்பூவையோ வாழைக்காயையோ இரும்பு அரிவாள்மணையில் நறுக்கியவர்கள், அதன் அலகில் கருமை படிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். டானினும் இரும்பும் சேர்ந்த சேர்மத்தின் நிறம் அது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இதே பிணைப்பு வயிற்றுக்குள் நடக்கிறது, அந்த உணவிலிருந்து கிடைக்கவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் கிடைக்காமல் போகக்கூடும். பால் சேர்ப்பதால் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது.

குடற்செல்லுக்குள் நுழைந்த இரும்பும் உடனே இரத்தத்தை அடைந்துவிடுவதில்லை. வேண்டாத இரும்பை வெளியேற்றும் வழி நம் உடலில் இல்லை என்பதால், உள்ளே விடுவதில் அது மிகுந்த எச்சரிக்கை காட்டுகிறது. செல்லின் மறுபுறத்தில் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம்தான் இரும்பை இரத்தத்தில் விடுகிறது. உடலில் இரும்பு போதிய அளவு இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது ஃபெரோபோர்ட்டினைப் பற்றி அழித்துவிடுகிறது. வழி அடைபட்ட செல்லோ சில நாட்களில் உதிர்ந்து, தன்னிடமுள்ள இரும்போடு மலத்தில் கலந்துவிடுகிறது. நோய்த்தொற்றின்போதும் நீடித்த அழற்சியின்போதும் ஹெப்சிடின் கூடுகிறது. எனவே நாட்பட்ட நோயுள்ள ஒருவர் என்னதான் சத்தாக உண்டாலும் இரும்பு ஏறாமல் போகலாம்.

இவ்வளவு தெளிவான அறிவியல் இருக்கையில், சிவப்பாக இருப்பதாலேயே பீட்ரூட்டும் மாதுளையும் இரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கை நிலைத்திருப்பது வருத்தமளிக்கிறது. அவற்றின் சிவப்பு தாவர நிறமிகளால் வருவது. இரும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லிக் கர்ப்பிணிகளைத் தடுப்பது அதைவிடக் கொடுமை. மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பினால். குழந்தையின் நிறத்தைத் தீர்மானிப்பவை மரபணுக்கள்.

நம் சமையலில் எந்தச் சேர்க்கை எவ்வளவு இரும்பைத் தருகிறது என்பதை இரும்பின் நிலையான ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும், கதிர்வீச்சு இல்லாத இரும்பு அணுக்களைக் கொண்டு துல்லியமாக அளக்க முடியும். ஐசோடோப்பு கலந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து அதில் எத்தனை பங்கு சிவப்பணுக்களில் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். செலவு மிக்க ஆய்வு இது. ஆனாலும் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் கம்பங்கூழுக்கும் இத்தகைய அளவீடுகளைச் செய்ய அரசு தாராளமாக நிதி ஒதுக்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒன்று சொல்லவேண்டும். ஹீமோகுளோபின் 9 என்பது உணவை மட்டும் திருத்திச் சரிசெய்யக்கூடிய அளவன்று. அதிக மாதவிடாய்ப் போக்கு, கொக்கிப்புழு, வைட்டமின் பி12 குறைபாடு, தலசீமியா என்ற பரம்பரை ஹீமோகுளோபின் குறைபாடு ஆகியவற்றுள் எது காரணம் என்று மருத்துவர் கண்டறியவேண்டும். தலசீமியா உள்ள சிலருக்கு இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும் என்பதால், பரிசோதனை செய்துகொள்ளாமல் தாமாகவே இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்தானது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால், அதைத் தேநீரோடோ பாலோடோ அல்லாமல் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளலாம்.