புதுப் பம்பரில் வண்ணம் பிடிக்கும் விதம்

அறுவடைக் காலத்தில் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே இரவில் கார் ஓட்டுபவர்கள், சாலையில் காயும் நெல்லைக் காக்க ஓரமாக அடுக்கிய கற்களில் என்றேனும் ஒருநாள் முன்பம்பரை இடித்துவிடுகிறார்கள். உடைந்த பம்பருக்கு மாற்றாக உதிரிபாகக் கடைகளில் கிடைப்பவற்றுள் பல, கார் நிறுவனத்தின் தயாரிப்பாக இல்லாமல் வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து, வண்ணம் பூசப்படாத கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே வருகின்றன. அதை வீட்டு வாசலில் வைத்து ஸ்ப்ரே டப்பாவால் அடித்துக்கொள்வதா, பட்டறையில் கொடுப்பதா என்ற கேள்வியைப் பெரும்பாலோர் பணக்கணக்காகவே பார்க்கிறார்கள். ஆனால் அந்த வண்ணம் எத்தனை காலம் நிற்கும் என்பதை அடிப்பவரின் கைத்திறனைவிட, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் அன்றைய காற்றின் ஈரமும்தான் அதிகமாகத் தீர்மானிக்கின்றன.

பந்தியில் வாழையிலை மேல் தெளித்த தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு ஓடுவது, இலையின் மெழுகுப் படலம் நீரைத் தன்பால் இழுக்காததால்தான். பம்பர்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் கலவையால் ஆனவை. மெழுகுவத்தியின் பாரஃபினைப் போலவே அதுவும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. அதன் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன். நீரின் பரப்பு இழுவிசையோ 72. அதனால் வாழையிலையில் போலவே இதன் மேலும் நீர் பரவுவதில்லை. வண்ணத்தின் பிசின் பற்றிக்கொள்வதற்கு ஏற்ற வேதிப்பிடி எதுவும் அந்தப் பரப்பில் இல்லாததால், நேரடியாக அடித்த வண்ணம் காய்ந்தபின் அழகாகத் தெரிந்தாலும், சில மாதங்களில் ஒரு கல் பட்ட இடத்திலிருந்து தோலாக உரிந்து வந்துவிடுகிறது.

தொழிற்சாலைகளில் பிளாஸ்டிக்கின் மேல் கணநேரம் தீச்சுடரை ஓட்டி, பரப்பில் ஆக்சிஜன் கொண்ட தொகுதிகளை உருவாக்கி இந்தக் குறையைத் தீர்ப்பதுண்டு. பட்டறையில் அதற்கு ஈடாக அடிப்பதே ‘பிளாஸ்டிக் பிரைமர்’. அதில் உள்ள குளோரினேற்றப்பட்ட பாலியோலிஃபின் என்ற பொருளின் மூலக்கூறுகள் ஒருபுறம் பிளாஸ்டிக்கின் மேல்தோலுக்குள் ஊடுருவிச் சிக்கிக்கொண்டு, மறுபுறம் வண்ணத்துக்குப் பிடி கொடுக்கின்றன. இதை மெல்லிய படலமாக மட்டுமே அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் அந்தப் படலமே நடுவில் பிளந்துவிடும். அதற்கு முன் பம்பரைச் சோப்பு நீரால் கழுவி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பம்பரை வார்த்த அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவப்பட்ட பொருளின் எச்சத்தை நீக்கியாக வேண்டும். தேய்த்துக் கழுவிய பம்பரில் சில இடங்களில் மட்டும் தண்ணீர் திட்டுத்திட்டாக விலகினால், அங்கே எண்ணெய்ப்பசை இன்னும் மிச்சமிருக்கக்கூடும். இந்த வேலைக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. பொறுமையுள்ள வீட்டுக்காரர் அவசரப்படும் பட்டறையைவிட இதை நன்றாகவே செய்யக்கூடும்.

வண்ணத்தின் கதை வேறு. 1924இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் கார்களுக்கு டூபாண்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் வண்ணம் பூசப்பட்டது. நாள்கணக்கில் இழுத்த, வண்ணத்தைக் காயவைக்கும் வேலை அதனால் மணிக்கணக்காகக் குறைந்தது. கரைப்பான் ஆவியாகிப் பறந்ததும் பிசின் படலமாகத் தங்கிவிடும் என்பதே அதன் வழி. நம் பெயிண்டர்கள் இன்றும் ‘என்.சி.’ என்று சொல்லும் வண்ணமும், கடையில் விற்கும் சாதாரண ஸ்ப்ரே டப்பாவும் இந்த வழியில்தான் காய்கின்றன. கரைப்பான் போனதால் இறுகிய படலம், தின்னரோ பெட்ரோலோ பட்டால் மீண்டும் இளகும். பட்டறைகளின் ‘பி.யு.’ வண்ணம், ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937இல் கண்டறிந்த பாலியூரித்தேன் வேதியியலைச் சேர்ந்தது. அதில் இறுகவைக்கும் திரவமான ஹார்ட்னரைக் கலந்தவுடன், அதிலுள்ள ஐசோசயனேட் பிசினின் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்து ஒரே வலையாக்குகிறது. அந்த வலையை எந்தக் கரைப்பானும் எளிதில் அவிழ்க்க முடியாது. வண்ணம் அடிப்பதற்கான மூடிய அறையான பூத்துக்குள் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடேற்றுவது இந்தப் பிணைப்பை விரைவுபடுத்தத்தான்.

அதே ஐசோசயனேட்தான் வீட்டில் இதை அடிக்கக் கூடாது என்பதற்கும் காரணம். மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடிய பொருள் அது. தீங்கு செய்யும் அளவை எட்டிய பிறகும் மூக்குக்கு அதன் வாசனை தெரியாமல் போகலாம் என்பதால், முகமூடியில் ஆவியை உறிஞ்சும் கரி தீர்ந்துவிட்டதை அணிந்தவர் அறிய வழியில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய கும்பகோணத்துத் தெரு வீட்டின் முற்றத்தில் பி.யு. அடிப்பவர், பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்தே அடிக்கிறார்.

டெல்டாவில் இதற்கெல்லாம் மேலாக நிற்பது ஈரப்பதம். ஐப்பசி மாலையொன்றில் வெப்பம் 28 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதமும் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் காற்றில் உள்ள நீராவி திரவமாகத் திரளத் தொடங்கும் பனிப்புள்ளி ஏறத்தாழ 25 டிகிரி. அதாவது மூன்றே டிகிரி குளிர்ந்தால் போதும். தின்னர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை ஈர வண்ணத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால், அந்த மூன்று டிகிரி எளிதாகக் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பனி வண்ணத்தின் மேல் படிந்து, பிசினைக் கலங்கச் செய்து, கறுப்பு வண்ணத்தைச் சாம்பல் பூத்த வெண்மையாக்குகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்துப் பெயிண்டர்கள் இதைச் சமாளிக்கிறார்கள். ஸ்ப்ரே டப்பாவில் எல்லாம் முன்பே கலந்து அடைக்கப்பட்டிருப்பதால் அந்த வாய்ப்பு இல்லை. பி.யு. வண்ணத்துக்கும் ஈரம் ஆகாது. ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவதால் படலத்துக்குள் நுண்குமிழ்கள் தங்கிவிடும்.

வெயில் காலம் இதற்கு மாற்று என்று நினைத்து, சித்திரை நண்பகலில் பம்பரைத் திறந்தவெளியில் வைத்து அடித்தவர்களில் நானும் ஒருவன். சூடான பரப்பில் விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாவதற்கு முன்பே காய்ந்து, பரப்பு ஆரஞ்சுத் தோலைப்போல் சொரசொரத்துவிட்டது. மேல்தோல் முந்திக் காய்ந்த இடங்களில், உள்ளே சிக்கிய கரைப்பான் ஊசித்துளைகளாக வெடித்து வெளியேறியிருந்தது. பங்குனியில் பனி விலகிய பிறகு, காலை ஒன்பது மணி வாக்கில், நிழலில் அடிப்பதே இந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஐப்பசியில் வயலிலிருந்து விளக்குக்குக் கூட்டமாக வரும் பச்சைத் தத்துப்பூச்சிகள் ஈர வண்ணத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

மெட்டாலிக் நிறமாக இருந்தால், எல்லாம் சரியாக நடந்தாலும் வீட்டில் நிறம் பொருந்துவது அரிது. வண்ணத்துக்குள் மிதக்கும் அலுமினியச் செதில்கள் எப்படிப் படிகின்றன என்பதைப் பொறுத்தே அதன் வெளுப்பும் கருமையும் அமைகின்றன. ஈரமாக அடித்தால் நேராகப் பார்க்கும்போது நிறம் கறுத்தும், உலர அடித்தால் வெளுத்தும் தெரியும். ஒரே குறியீட்டு எண் கொண்ட வண்ணம்கூட, ஸ்ப்ரே துப்பாக்கியின் அழுத்தமும் தூரமும் மாறினால் இருவேறு நிறங்களாகிவிடும். தேர்ந்த பெயிண்டர் முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பார்த்து, பிறகு பக்கத்துப் பகுதியின் ஓரம்வரை மெல்லிதாக வண்ணத்தைக் கரைத்து, கண்ணை ஏமாற்றிவிடுகிறார். ஒற்றை வெள்ளையிலோ கறுப்பிலோ இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே பக்கக் கண்ணாடியின் மூடி, கைப்பிடி போன்ற சிறு பாகங்களை ஒற்றை நிறத்தில் வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம். முழுப் பம்பருக்குத் தேய்ப்பதையும் கழுவுவதையும் வீட்டில் முடித்து, வண்ணத்தையும் அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டையும் பட்டறையில் விடலாம். பட்டறை என்றாலே பூத் இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. தகரக் கொட்டகைக்கடியில், சாலைப் புழுதிக்கு நடுவே அடிக்கும் இடங்களில் பி.யு. வண்ணத்தைத் தவிர வீட்டைவிட மேலானது எதுவும் இல்லை.

பட்டறையை எடைபோட எளிய வழி, துப்பாக்கிக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரைப் பார்ப்பது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்கு கன அளவுக்கு அழுத்தி, பழைய வெப்பத்துக்கே ஆறவிட்டால், 20 கிராமுக்கு மேல் நீராகப் பிரிந்துவிடும். நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றைக் கேட்கும் துப்பாக்கி ஒரு மணி நேரம் ஓடினால், மூன்றில் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான நீர் டாங்கியிலும் குழாயிலும் சேர்கிறது. வடிகட்டி இல்லையென்றால் அதில் ஒரு பகுதி உங்கள் பம்பரின் மேல்தான் வந்து விழும். டாங்கியின் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்து காட்டச் சொன்னால் எந்தப் பெயிண்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். துருநிறத் தண்ணீர் நின்றபாடில்லாமல் கொட்டினால், பம்பரை வண்டியில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.