வேலை முடிந்த நார்அட்ரினலின் எங்கே போகிறது?

படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் கீழ்ப்பகுதியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் சில நொடிகளில் இறுக வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். இறுகச் சொல்வது, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் உமிழும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள். இதைப் பலரும் படித்திருப்போம். ஆனால் இறுக்கிய பிறகு அதே இடத்தில் அது தங்கிவிட்டால் குழாய் தளரவே தளராது. அதனால் உமிழ்வதைப் போலவே அகற்றுவதும் முக்கியம், எனக்கென்னவோ அதுதான் இன்னும் சுவாரசியமான பாதி.

நொதிகள் அதைச் சிதைத்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இன்னொரு வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் அப்படித்தான் அழிகிறது. ஆனால் நார்அட்ரினலினைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்தாலும் அதன் விளைவு பெரிதாக நீளவில்லை. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜூலியஸ் ஆக்செல்ராடும் அவருடைய குழுவினரும் கதிரியக்க அடையாளமிட்ட நார்அட்ரினலினைப் பூனைகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கழுத்தின் ஒரு பக்கத்து நரம்பு முடிச்சை முன்பே அகற்றி, நரம்புகள் அழிந்துபோயிருந்த விலங்குகள் அவை. அந்தப் பக்கத்துத் திசுக்கள் அதை உள்ளே எடுத்துக்கொள்ளவே இல்லை, மறுபக்கம் மட்டும் எடுத்துக்கொண்டது. ஆக, உமிழ்ந்த நரம்பே திரும்ப உறிஞ்சுகிறது! 1970 நோபல் பரிசில் ஆக்செல்ராடுக்குப் பங்கு கிடைத்ததற்கு இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

நரம்பு முனையின் சவ்வில் இருக்கும் ஒரு கடத்துப் புரதம், சோடியம் உள்ளே வரும் விசையைப் பயன்படுத்தி நார்அட்ரினலினையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதில் கணிசமான பங்கு மறுபடி சிறு பைகளில் நிரப்பப்பட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும், மிச்சத்தை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் சிதைக்கும். கோகெயின் அந்தக் கடத்துப் புரதத்தைத்தான் அடைக்கிறது, குழாய்கள் அபாயகரமாக இறுகுவது அதனால்தான்.

இரத்தக் குழாயில் இன்னொரு சிக்கல் உண்டு. நரம்புகள் தசை அடுக்குக்குள் பரவியிருப்பதில்லை, பெரும்பாலான தமனிகளில் தசையின் வெளி விளிம்போடு நின்றுவிடுகின்றன. உள்பக்கத் தசைச் செல்லுக்கு நார்அட்ரினலின் கசிந்துதான் போக வேண்டும். 1960களில் முயல் காதுத் தமனியை வைத்து நடந்த சோதனைகள் இதை அழகாகக் காட்டின: தமனியின் உட்குழலுக்குள் செலுத்தினால் கொஞ்சம் நார்அட்ரினலினே போதும், வெளிப்பக்கம் ஊற்றினால் அதைவிட நிறைய தேவைப்பட்டது, ஏனென்றால் வெளியிலிருந்து வருவதை வழியில் இருக்கும் நரம்புகளே பிடித்துக்கொள்கின்றன. கோகெயின் கொடுத்தாலோ நரம்பை நீக்கினாலோ வெளிப்பக்கம் ஊற்றியதும் வலுவாக வேலை செய்யத் தொடங்கியது.

நரம்புக்குத் தப்பியதைத் தசைச் செல்களும் எடுத்துக்கொள்கின்றன. இவற்றின் கடத்துப் புரதம் வேறு. நார்அட்ரினலின்மேல் அதற்குப் பிடிப்பு குறைவு, கொள்ளளவு அதிகம், எனவே செறிவு கூடும்போதுதான் இது எடுபடும். கார்டிகோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டுகள் இதைத் தடுக்கும். தசைச் செல்லுக்குள் போனது சேமிக்கப்படுவதில்லை. அங்கே சிஓஎம்டி என்ற நொதி ஒரு மெத்தில் குழுவை ஒட்டி நார்மெட்டானெஃப்ரின் ஆக்கிவிடும், மோனோஅமைன் ஆக்சிடேஸும் கை கொடுக்கும்.

சரி, இரத்தத்திலேயே கலந்துவிட்டது என்ன ஆகும்? அதிலும் பாதி இரண்டு நிமிடங்களுக்குள் காணாமல் போகும். நுரையீரல் நாளங்களின் உட்படலச் செல்கள் இரத்தம் ஒரு முறை கடந்து செல்லும்போதே கணிசமான அளவை உறிஞ்சிவிடுகின்றன, ஆனால் அதன் நெருங்கிய உறவான அட்ரினலினை ஏறக்குறைய தொடாமல் விட்டுவிடுகின்றன. கடைசியில் கல்லீரல் மிச்சத்தை வெனில்மாண்டலிக் அமிலமாக்க, அது சிறுநீரில் வெளியேறும்.

இந்தச் சிதைவுப் பாதை மருத்துவர்களுக்கும் உதவுகிறது. அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி நார்அட்ரினலினை இடைவெளி விட்டு விட்டு உமிழலாம், அதனால் அதை மட்டும் அளந்தால் ஏமாற வாய்ப்புண்டு. ஆனால் கட்டியின் செல்களுக்குள்ளேயே சிஓஎம்டி இருப்பதால், பைகளிலிருந்து ஓயாமல் கசிவது அங்கேயே நார்மெட்டானெஃப்ரினாக மாறிக் கசிந்தபடி இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் இரத்தத்தில் முதலில் தேடுவது இந்த மிச்சத்தைத்தான்.