கீமோடாக்சிஸ்: இழுப்பது யார்?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மருமகள், கொழும்பு வெள்ளவத்தையில் வகுப்பு முடிந்து வந்ததும் குறிப்புக் கொப்பியை என் முன் வைத்தாள். “இரசாயன ஈர்ப்பு: சீனியால் பற்றீரியா ஈர்க்கப்படுதல்” என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். இதையே போன மாதம் ஒரு வானொலி உரையில் கேட்டேன். அதற்கு முன் ஒரு மொழிபெயர்ப்புக் கையேட்டில் பார்த்தேன். அந்த ‘ஈர்ப்பு’ என்ற சொல்லை மூன்றாம் முறை பொறுக்கவில்லை.

மூலச்சொல் கீமோடாக்சிஸ்: ஓர் உயிர் இரசாயனப் பொருளை உணர்ந்து அதற்கேற்ப இடம்பெயர்வது. முன்பாதி இரசாயனம். பின்பாதியான ‘டாக்சிஸ்’ கிரேக்கத்தில் ஒழுங்கையும் படையின் அணிவகுப்பையும் குறிக்கும். இழுப்பது என்ற பொருள் அதில் துளியும் இல்லை. 1880களில் ஜேர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர், மெல்லிய கண்ணாடிக் குழாயில் கரைசலை நிரப்பி நீரில் வைத்து, நுண்ணுயிர்கள் அதன் வாயருகே திரள்வதை ஆராய்ந்தார். வரலாறு இவ்வளவு போதும்.

ஈர்ப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புவியீர்ப்பு. மாங்காய் விழுகிறது; இழுப்பது பூமி, மாங்காய்க்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பறித்து ஒரு வாரமான மாங்காயும் அப்படியே விழும். ஆனால் செத்த பற்றீரியாவைச் சீனிக் கரைசலுக்குப் பக்கத்தில் விட்டால் அது சீனியைத் தேடிப் போகாது. சீனி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, எதையும் இழுக்கவில்லை. வேலை முழுவதும் பற்றீரியாவுடையது.

அந்த வேலையைத்தான் ‘ஈர்ப்பு’ மறைத்துவிடுகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர். அது நீந்த உதவும் நூல்போன்ற உறுப்புகளான சவுக்குமுளைகள் ஒவ்வொன்றின் அடியிலும் சுழலும் மோட்டார் ஒன்று உண்டு. (சவுக்குப்போல் வீசாமல் சுழல்கிற உறுப்புக்குச் சவுக்கு என்று பெயர், இலத்தீனில் பெயர் வைத்தவர்கள் செய்த பிழையை நாமும் சுமக்கிறோம். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.) மோட்டார்கள் இடஞ்சுழியாகச் சுழன்றால் சவுக்குமுளைகள் ஒரே கற்றையாகச் சேர்ந்து உடலை நேராக ஓட்டும். வலஞ்சுழியாக மாறினால் கற்றை பிரியும், உடல் புரளும், அடுத்த ஓட்டம் எந்தத் திசையிலும் அமையலாம். 1972இல் ஹோவர்ட் பேர்க்கும் டக்ளஸ் பிரௌனும் தனி ஒரு பற்றீரியாவைப் பின்தொடரும் நுணுக்குக்காட்டியால் இதை அளந்தார்கள்: ஓட்டம் ஏறத்தாழ ஒரு செக்கன், புரளல் அதில் பத்திலொரு பங்கு. சீனி கூடிக்கொண்டே போனால் புரளல் தள்ளிப்போகும், ஓட்டம் நீளும். அவ்வளவுதான் தந்திரம்.

காலிமுகத்திடலில் கண்ணைக் கட்டிவிட்டு இறால் வடை வண்டியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நாமும் இப்படித்தான் செய்வோம். நாலடி நடந்து மூக்கை விரிப்போம். மணம் கூடினால் அதே வழி. கூடாவிட்டால் எங்காவது திரும்பி மறுபடி நடப்போம். வடையா நம்மை இழுத்தது? இப்படித் தேடுவதற்குச் சற்று முன்னைய மணத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். பற்றீரியாவிலும் அந்த நினைவு உண்டு. வெளிப்பொருளை உணரும் வாங்கிப் புரதங்களில் மெதைல் கூட்டங்கள் என்ற சிறு இரசாயனத் துண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமே அது. செறிவு மாறாமல் நின்றால் வாங்கிகள் அதற்குப் பழகிப்போகும், பற்றீரியா பழையபடி புரளத் தொடங்கும். இசைவாக்கம் என்று பாடப்புத்தகம் சொல்வது இங்கே சில செக்கன் முதல் சில நிமிடங்களுக்குள் நடக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. கேடான பொருள்களை விட்டு விலகுவதும் கீமோடாக்சிஸ்தான். அதை ‘எதிர் ஈர்ப்பு’ என்று எழுதியவரையும் கண்டிருக்கிறேன். ‘இரசாயனத் திருப்பம்’ என்பவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. திருப்பம் என்ற சொல், ஒளித்திருப்பத்தில்போல, வேரூன்றி நின்று ஒளியை நோக்கி வளையும் செடிக்குப் பொருந்தும்; இடம்பெயர்ந்து போகும் உயிருக்கு அது எதற்கு?

என் தெரிவு இரசாயன நாட்டம். ‘வேதிநாட்டம்’ என்றாலும் சண்டையில்லை. தூய தமிழ் பற்றிய வாதத்தைவிட, வாசிப்பவருக்கு எது நடக்கிறது என்று புரிவதே எனக்கு முக்கியம். நாடுதல் என்றால் தேடிப்போதல் மட்டுமன்று, ஆராய்தலும்கூட. “குணம்நாடிக் குற்றமும் நாடி” என்று வள்ளுவர் சொல்வது ஆராய்தலைத்தான். பழந்தமிழில் நாட்டம் என்றால் கண் என்றும் பொருள் உண்டு. உணர்தலும் போதலும் ஒரே சொல்லுக்குள் கிடக்கும்போது வேறென்ன வேண்டும்? நாட்டம் ஆசை என்றும் பொருள்படும், பற்றீரியாவுக்கு ஏது ஆசை என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. விலகலை ‘எதிர்நாட்டம்’ என்பதும் காதுக்குச் சற்று உறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆசைப்படுகிற பற்றீரியாவைத் திருத்திவிடலாம். கயிறு கட்டி இழுக்கப்படுகிற பற்றீரியாவைத் திருத்த முடியாது.

உண்மையில் என் கோபம் அந்தப் ‘படு’வின் மேல். ஈர்க்கப்படுகிறது, தூண்டப்படுகிறது, கட்டுப்படுத்தப்படுகிறது என்று நம் விஞ்ஞானத் தமிழில் எந்த உயிரும் தானாக ஒன்றும் செய்வதில்லை. எல்லாம் எதற்கோ ஆட்படுகின்றன.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட மருமகள், “மாமா, வினாத்தாளில் ஈர்ப்பு என்று வந்தால்?” என்றாள்.

“ஈர்ப்பு என்றே எழுது” என்றேன்.