83 என்ற எண் யாருடைய வயது?

சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறையின் ஆயுள் அட்டவணைப்படி, 2023இல் இங்குள்ள குடியிருப்பாளர்களின், அதாவது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த தொகையினரின், சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 83 ஆண்டுகள்; ஆண்களுக்கு 80.7, பெண்களுக்கு 85.2. தேக்காவில் காப்பிக்கடை மேசையொன்றில் இந்தச் செய்தியைப் படித்த 77 வயதுப் பெரியவர் ஒருவர், “அப்போ எனக்கு இன்னும் மூணே முக்கால் வருசம்தானா தம்பி?” என்று கேட்டார். கழித்தல் கணக்கு சரி; முடிவு சரியன்று. இன்றைய இறப்பு விகிதங்களின்படி 77 வயது ஆண் ஒருவர் சராசரியாக இன்னும் பத்து ஆண்டுகள் அளவுக்கு வாழ்வார் என எதிர்பார்க்கலாம். இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வருகிறது என்பதை அறிய, அந்த எண் உருவாகும் முறையைப் பார்க்க வேண்டும்.

ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற இரண்டு விவரங்களே மூலப்பொருள். இவற்றிலிருந்து, பிறந்தது முதல் நூறு வயதைக் கடந்தது வரை, ஒவ்வொரு வயதுக்கும் உரிய இறப்பு வாய்ப்பு கிடைக்கிறது. அடுத்து மக்கள்தொகையியலாளர் கற்பனையாக ஒரு லட்சம் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அந்த ஓர் ஆண்டின் வாய்ப்புகளையே அவர்களுடைய வாழ்நாள் முழுவதற்கும் பொருத்துகிறார். முதல் வயதைத் தாண்டியவர்கள் இத்தனை பேர், இரண்டாம் வயதைத் தாண்டியவர்கள் இத்தனை பேர் என்று கடைசி ஆள் மறையும் வரை எண்ணி, அவர்கள் எல்லாரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளை ஒரு லட்சத்தால் வகுத்தால் வருவதே பிறப்பின்போதான சராசரி ஆயுட்காலம். இளம் வயதில் இறப்பவர்களும் இந்தச் சராசரியில் அடங்குவர்; 77ஐ எட்டிய பெரியவரோ அந்த ஆபத்துகளையெல்லாம் கடந்து வந்தவர், அவருக்கு எஞ்சிய காலம் கழித்தலில் வருவதைவிட நீள்வது அதனால்தான். ஆக, 83 என்பது 2023இல் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆரூடம் அன்று. கொவிட் காலத்தில், 2019இல் 83.7ஆக இருந்த எண் 2021, 2022 ஆண்டுகளில் சற்று இறங்கியது. அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு ஆயுள் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, அந்த ஆண்டுகளில் முதியோர் கூடுதலாக இறந்தனர் என்பதே பொருள்.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பத்துப் பேர் போதும். இருவர் பிறந்தவுடன் இறந்து, எஞ்சிய எண்மரும் 75 வயது வரை வாழ்ந்தால் சராசரி 60. அந்த இரு குழந்தைகளையும் காப்பாற்றி, அவர்களும் 75 வரை வாழும்படி செய்துவிட்டால், பெரியவர்களில் ஒருவர்கூட ஒரு நாளும் கூடுதலாக வாழாமலேயே சராசரி 75 ஆகிவிடும். அந்தக் காலத்தில் மனிதர்கள் ஐம்பதிலேயே கிழடாகிப் போனார்கள் என்று மேடைகளில் பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 1970இல் சிங்கப்பூரின் சராசரி ஆயுட்காலம் 65.8, அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருபது குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. இன்று அது இரண்டு அளவில் நிற்கிறது. இதற்கு மேல் அந்த முனையில் பெறுவதற்கு அதிகமில்லை. இனிவரும் உயர்வு ஏறக்குறைய முழுவதும் முதியவர்களின் இறப்பு தள்ளிப்போவதிலிருந்தே வர வேண்டும்.

அங்கேதான் இத்துறையின் சுவையான பகுதி தொடங்குகிறது. 1825இல் லண்டனில் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்பவர், நடுவயதுக்குப் பின் இறப்பு வாய்ப்பு சீரான விகிதத்தில் பெருகுகிறது என்று காட்டினார். பல நாடுகளில் அது சுமார் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது: 64 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்றால், 72இல் இருவர், 80இல் நால்வர், 88இல் எண்மர். ஆனால் மிக முதிய வயதுகளில், ஏறக்குறைய தொண்ணூறைத் தாண்டியபின், இந்த ஏற்றம் மட்டுப்படுவதாகத் தரவுகள் காட்டின. முதுமை அங்கே களைத்துவிடுகிறதா?

ஜேம்ஸ் வாபல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவருடன் சேர்ந்து 1979இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வேறு விளக்கம் தந்தது. எழுபது வயதில் நலிந்தவர் நூறு பேர், திடமானவர் நூறு பேர் இருப்பதாகக் கொள்வோம். முதல் பத்தாண்டில் நலிந்தவர்களில் 40 பேரும் திடமானவர்களில் 10 பேரும் இறக்கின்றனர். மொத்தத்தில் 25 விழுக்காடு. அடுத்த பத்தாண்டில் இரு குழுவினரின் இறப்பு வாய்ப்பும் சரியாக இரு மடங்காகிறது: 80 விழுக்காடு, 20 விழுக்காடு. எஞ்சியிருந்த 60 நலிந்தவர்களில் 48 பேரும், 90 திடமானவர்களில் 18 பேரும் இறக்க, 150 பேரில் 66 பேர், அதாவது 44 விழுக்காடு. ஒவ்வொரு மனிதருக்கும் ஆபத்து இரட்டித்திருக்கிறது. மொத்த எண்ணோ 50ஐ எட்டவில்லை. முதுமையின் வேகம் எவருக்கும் குறையவில்லை, நலிந்தவர்கள் முன்னதாகவே போய்விட்டதால் கூட்டத்தின் சேர்க்கைதான் மாறிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் தனி மனிதரைப் பற்றி முடிவு கட்டக் கூடாது என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டும் கணக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வாபலின் ஆய்வு வாழ்க்கையே இத்துறையின் வரைபடம் போன்றது. கணிதப் புள்ளியியல் படித்து, பொதுக் கொள்கையில் முனைவர் பட்டம் பெற்று, டென்மார்க்கின் ஓடன்சே நகரில் பணியாற்றியபின், 1996இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் மாக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை ஆய்வு நிலையத்தின் நிறுவன இயக்குநரானார். அந்த நிலையமும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய இறப்புத் தரவுத்தளத்தை இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சூத்திரம் எழுதுவதைவிட அதிக உழைப்பைத் தரவைச் சரிபார்ப்பது விழுங்கிவிடும். ‘ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தவன்’ என்று தாய் சொன்னதைக் கேட்டு எழுத்தர் ஓர் ஆண்டை மதிப்பிட்டு எழுதிய கதை, ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களான நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமானது. வயது தெரியாதபோது மனிதர்கள் 60, 65, 70 என்று ஐந்திலும் சுழியிலும் முடியும் எண்களைச் சொல்வார்கள்; அந்த வயதுகளில் ஆட்கள் குவிந்திருப்பதைக் கொண்டே ஒரு நாட்டின் பதிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். எண்பது வயதினர் சிலர் தொண்ணூறு என்று பதிவாகிவிட்டாலே, தொண்ணூறு வயதினரின் இறப்பு பொய்யாகக் குறைந்து தெரியும்.

மக்கள்தொகை மூப்படைவதற்கு நீண்ட ஆயுளே முதற்காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். பிறப்பு குறைவதன் பங்கு பெரும்பாலும் அதைவிடப் பெரிது. சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தம் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கை, 1957இல் ஆறுக்கும் மேல், 2023இல் 0.97. குடிமக்களில் 65ஐ எட்டியவர்கள் 2030இல் நான்கில் ஒருவராக இருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு.

ஆயுள் இன்னும் எவ்வளவு கூடும் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. உலகிலேயே அதிக ஆயுளுள்ள நாட்டுப் பெண்களின் சராசரி 1840 முதல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வீதம் உயர்ந்து வந்திருக்கிறது என்று 2002இல் வாபலும் ஜிம் ஓப்பனும் காட்டினர். அந்த வேகம் 1990க்குப் பின் தணிந்துவிட்டது என்று 2024இல் ஜே ஒல்ஷான்ஸ்கியின் குழு எழுதியது. அண்மைத் தரவுகளைப் பார்க்கையில் பின்னவர் பக்கமே என் மனம் சாய்கிறது.

இந்தச் சச்சரவு நம் மத்திய சேம நிதிக் கணக்கையும் தொடுகிறது. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1693இல் பிரெஸ்லாவ் நகரின் இறப்புப் பதிவுகளிலிருந்து ஆயுள் அட்டவணை வகுத்தபோதே, வாழ்நாள் முழுவதும் ஆண்டுத்தொகை பெறுவதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதையும் கணக்கிட்டார். மத்திய சேம நிதியில் (சிபிஎஃப்) சேர்ந்த பணத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் மாதத் தொகை வழங்கும் சிபிஎஃப் லைஃப் திட்டத்தின் அடிப்படையும் அதுவே: பலருடைய பணம் ஒரே தொகுப்பில் சேர்வதால், 83 வரைக்கும் மட்டும் சேமித்துத் திட்டமிடும் அபாயத்தை எவரும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அட்டவணைப்படி பிறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 83ஐத் தாண்டுகிறார்கள் என்பதால் அந்த அபாயம் சிறிதன்று. உறுப்பினர்கள் எதிர்பார்த்ததைவிட நீண்டகாலம் வாழ்ந்தால் தொகுப்பு அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். வட்டி விகிதத்தோடு இறப்பு அனுபவத்தையும் கருதி மாதத் தொகை மாற்றப்படலாம் என்று திட்டத்தின் விதிகள் கூறுவது இதனால்தான்.