லீடர் கையில் சாக்பீஸ்

“பேசுறவங்க பேரை எழுதி வை” என்று லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போகாத ஆசிரியர் நம் பள்ளிகளில் குறைவு. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புக்குத் திரும்பி வந்தபோது பலகையில் பதினொரு பெயர்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் நான்கு பெருக்கல் குறி. அந்தப் பையன் வாயே திறக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். முதல் நாள் கபடியில் அவனுக்கும் லீடருக்கும் சண்டையாம். வேறொரு பெயர் எழுதி அழிக்கப்பட்டிருந்தது, தடம் தெரிந்தது.

பிள்ளைகளுக்குப் பொறுப்பு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் பிரம்பை ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். அந்த வயதில் நண்பர்கள் முன்னால் படும் அவமானம் அடியைவிட அதிகம் வலிக்கும்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை கடைசிப் பீரியடில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, வகுப்புக்கான விதிகளை நீங்களே சொல்லுங்கள் என்றேன். முதலில் வந்தது, “லேட்டா வந்தா அம்பது தோப்புக்கரணம்.” எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர்கள் பார்த்த ஒழுங்கு அதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்று விளக்கினேன். பெயர் எழுதி அவமானப்படுத்துவதும் எனக்கு அந்த இரண்டாவதில்தான் சேரும்.

ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், நீங்க லேட்டா வந்தா?”

தாமதமாக வருபவர் காரணத்தைச் சொல்லிவிட்டு உட்காரலாம், ஆசிரியருக்கும் இதே விதி என்று முடிவானது. மறு வாரமே எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் பதிவது) வேலையில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்கடுத்த நாள், தினமும் தாமதமாக வந்து திட்டு வாங்கும் பையன் முதன்முறையாகக் காரணத்தைச் சொன்னான். தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் வர முடியும். கதவோரம் இடம் ஒதுக்கி, விட்டுப்போன பாடத்தைப் பக்கத்தில் இருப்பவர் காட்டுவது என்று வகுப்பே தீர்மானித்தது. அதுவரை நான் அவனிடம் ஒரு தடவைகூடக் காரணம் கேட்டதில்லை.

போலந்து மருத்துவர் யானுஸ் கோர்சாக் இதை நூறு வருடத்துக்கு முன்பே செய்து பார்த்தவர். வார்சாவில் அவர் நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகள். பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்சாக்கே அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு நின்றார்.

ஆனால் எல்லாவற்றையும் வகுப்பின் முடிவுக்கு விட்டுவிடக் கூடாது. கையில் சாதிக் கயிறு, பட்டப்பெயர், ஒரு பிள்ளையை ஒதுக்கி உட்காரவைப்பது என்று வந்தால் ஓட்டெடுப்பே ஆபத்து. பெரும்பான்மை எந்தப் பக்கம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அங்கே ஆசிரியர்தான் முன்னால் நிற்க வேண்டும். பாலியல் தொந்தரவு, காயம் என்றால் வட்டத்தில் பேசவே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கத் தயங்கவும் கூடாது.

இப்போது லீடர் பொறுப்பு வாராவாரம் மாறுகிறது. பெயர் எழுதும் வேலை கிடையாது. சத்தம் கூடினால் இரண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். சத்தம் இன்னும் வரத்தான் செய்கிறது. உள்ளே போனதும் “நாம என்ன பேசி வச்சோம்?” என்று கேட்கிறேன். சில நாள் அது போதும், சில நாள் மறுபடி வட்டம் போட்டு உட்காருகிறோம்.